ஜப்பானில் எள்ளுந்தண்ணீர்

1

இன்று என் மனைவி பாக்கியத்தின் இரண்டாம் வருஷத் திதி. விடியற்காலையில் இருந்தே மழை. கோயில் கொட்டகையில் மணையில் உட்கார்ந்து விரலில் தர்ப்பையை மாட்டிக்கொண்டேன். குருக்கள் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"பிள்ளை வரலீங்களா?"

அவர் இந்தக் கோயிலுக்குப் புதிது. பழைய குருக்களாக இருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

"பிள்ளை ஜப்பான்ல."

"அப்ப போன வருஷமும் நீங்கதான் பண்ணீங்களா?"

"போன வருஷம் அவன்தான் பண்ணினான்."

"ஓ, லீவுல வந்திருந்தாராக்கும்."

"வரலே. நான் போயிருந்தேன். அங்கேயே பண்ணினோம்."

அவர் எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஜப்பானில் எந்தக் குருக்கள், எந்தக் குளம் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் மழை வலுத்துச் சாரல் உள்ளே அடித்தது. விளக்கு அணைவதற்குள் முடிக்க வேண்டுமே என்று மந்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

அவருக்குச் சொல்லாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. ரங்கூனில் தெரியாதவர்கள் குறைவு. என் தாத்தா கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்பாவும் தூக்கினார். நானும் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அலோன் படகுத்துறையில் தூக்கினேன். அங்கே லாரிக்காரர்கள் எறிந்துவிட்டுப் போகிற கிழிந்த தார்பாய்களைப் பொறுக்கி, கழுவி, தைத்து விற்கலாம் என்று எனக்கு மட்டும்தான் தோன்றியது. இன்று லான்மடாவில் நடுத்தெருவில் என் கடை. தார்பாய், கயிறு, சாக்கு. ஷ்வேப்யிதா தொழிற்சாலைகளில் மழைக்கு மூடிவைத்திருக்கும் சரக்கில் பாதிக்கு மேல் என் தார்பாயின் கீழ்தான் இருக்கும். மழை வந்தால் ஊரே வானத்தைத் திட்டும். நான் திட்டியதில்லை. மழைதான் எனக்குச் சோறு போட்டது.

தமிழ் எழுத்து, கோயில் பண்டாரம் மணலில் எழுதிக் காட்டியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையோடுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

வீட்டில் எனக்கு ராமையா என்று பெயர். அடையாள அட்டையில் 'ஊ தான் மௌங்'. 'ஊ' என்பது பர்மாவில் பெரியவர்களுக்குப் போடுகிற மரியாதை, நம் 'திரு' மாதிரி. என் மகன் வீட்டில் செல்வம், அட்டையில் ஸோ வின். இங்கே தமிழர்களுக்கு இப்படி இரண்டு பெயர் இருப்பது வழக்கம். பர்மியப் பெயரில் அப்பா பெயரும் வராது, குடும்பப் பெயரும் வராது.

செல்வம் எங்களுக்கு வெகுகாலம் கழித்து, பிள்ளையாருக்கு வேண்டிப் பிறந்தவன். நாங்கள் பேசுகிற தமிழ் அவனுக்குப் புரியும். வாய் திறந்தால் முக்கால்வாசி பர்மியம்தான். பாக்கியத்தை அவன் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. அமே என்பான். பர்மியத்தில் அம்மாவுக்கு அமே.

"அம்மான்னு ஒரு தரம் சொல்லு சாமி, காது குளிரட்டும்" என்பாள் பாக்கியம்.

"அமேன்னாலும் நீங்கதானே நோ" என்பான். பேச்சின் கடைசியில் அந்த 'நோ' பர்மாக்காரர்கள் போடுவது. 'சரிதானே' என்று அர்த்தம்.

அவள் சிரித்து விட்டுவிடுவாள். நான் விடவில்லை. பர்மியத்தில் அப்பாவுக்கு அஃபே. அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அதனால் என்னை மட்டும் அப்பா என்று தமிழில் கூப்பிடக் கற்றுக்கொண்டான்.

3

அவன் ஜப்பான் போனது முதியோர் இல்லத்தில் வேலைக்கு. ஷிகோக்கு என்ற தீவில் ஒரு சின்ன ஊர். கிழவிகளைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. அங்கே எல்லாருக்கும் பெயரோடு 'சான்' சேர்ப்பார்கள். ஸோ சான் என்றார்கள். அதுவும் அங்கே யானையைச் சொல்வதும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்குமாம். கிழவிகள் எல்லாம் அவனைப் பார்த்து யானை வருது, யானை வருது என்று சிரிக்குமாம். இதைப் போனில் கேட்ட பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிள்ளையார் குடுத்த பிள்ளைங்க. அவர் பேரையே வெச்சுட்டாங்க பாருங்க."

அவள் இறந்த ஆனி மாதத்தில் அவன் வரவில்லை. வர முடியாது. அவன் வயதுப் பிள்ளைகள் இந்த ஊருக்கு வரலாம், திரும்பிப் போவது அவர்கள் கையில் இல்லை, பட்டாளத்தின் கையில். இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் இங்கே கடை வைத்திருக்கிறவன்.

கொள்ளி வைத்தது என் தங்கை மகன். செல்வத்துக்குப் போனில் சொன்னேன். "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். அழவில்லை. அதன்பின் வாராவாரம் பேசுவான், கடை எப்படி, முழங்கால் வலி எப்படி என்று கேட்பான். அவளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் பேச்சை எடுத்தாலும் "மெஷின் ஓடுதுப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவான்.

கல்லாகிவிட்டான் என்று நினைத்தேன். யார் யாரையோ பெற்றவளுக்கு வாய் துடைத்துவிடுகிறான், தன்னைப் பெற்றவளுக்கு ஒரு கை தண்ணீர் விடவில்லை. வருஷத் திதியை அவன் கையால் செய்யவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்து நடக்காத காரியம் கிடையாது. அதோடு, உள்ளதைச் சொல்வதானால், அடுத்தது நான். அம்மாவுக்கு விடாதவன் எனக்கு விடுவானா?

விசாவுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்கிற ஆளிடம் கொடுத்தேன். அவன் 'ஊ' என்பதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டான். அந்தப் பக்கம் மகனுடைய குடும்பப் பெயர் ஸோ என்று இருக்கிறது. அப்பா குடும்பம் ஊ, பிள்ளை குடும்பம் ஸோ, இருவரும் எப்படி உறவு என்று காகிதம் திரும்பித் திரும்பி வந்தது. எங்கள் பெயர்களில் உறவைத் தேடினால் கிடைக்காது என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வீட்டு உறுப்பினர் பட்டியலும், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் நிற்கிற பழைய படமும் போய்த்தான் விசா வந்தது. ஜப்பானில் இறங்கியதும் எல்லோரும் என்னை "ஊ சான்" என்றார்கள். திருவாளர் திரு!

4

பாக்கியம் டப்பாவில் வைத்துவிட்டுப் போன கறுப்பு எள்ளை எடுத்துப் போயிருந்தேன். விமான நிலையத்தில் ஒரு பெண், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, குனிந்து குனிந்து வணங்கி, விதை உள்ளே வரக்கூடாது என்று வாங்கிக்கொண்டாள். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் பிடுங்கியதில்லை.

"எள்ளுதானேப்பா, கடையில கெடைக்கும்" என்றான் செல்வம். வாங்கியும் வந்தான். பொட்டலத்தின் பின்னால் படித்துவிட்டு ஒரு மாதிரி முகத்தோடு காட்டினான். "மியன்மா எள்ளுப்பா. நமக்கு முன்னாடி வந்திருக்கு நே."

'நோ' போய் 'நே' வந்துவிட்டது. அது ஜப்பான்காரர்கள் கடைசியில் போடுவது. நான் கவனித்தேன்.

அவன் ஊரில் கோயில் குளம் என்று நமக்கு ஏதும் இல்லை. "ஆனா செத்தவங்களை நெனச்சு நடக்கற பாதை ஒண்ணு இருக்கு. தீவைச் சுத்தி எண்பத்தெட்டு கோயில். முழுசா நடக்க லீவு பத்தாது. கொஞ்சம் நடப்போம். ஏதாவது ஒரு கோயில்ல வெச்சுப் பண்ணிடலாம்" என்றான்.

நடக்கிறவர்கள் போடுகிற வெள்ளை மேல்சட்டை ஒன்றை எனக்கு மாட்டிவிட்டான். எதற்கு வெள்ளை என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல வழியில செத்துப் போனா அப்படியே பொதைக்கறதுக்காம்."

"அடப்பாவி! சாகறதுக்கா என்னைக் கூட்டிட்டு வந்தே? ஊர்ல செத்தா செலவு கம்மிடா."

அவன் சிரிக்கவில்லை. தலையில் ஓலைத்தொப்பி, கையில் ஒரு தடி. தொப்பியில் ஏதோ எழுதியிருந்தது. இரண்டு பேராக நடக்கிறோம் என்று அர்த்தமாம். தனியாக நடந்தாலும் அந்தப் பாதையை உண்டாக்கிய துறவி கூடவே வருகிறாராம், தடி அவருடைய உருவமாம். அதனால் பாலத்தின் மேல் தடியை ஊன்றக்கூடாது, கீழே அவர் படுத்திருப்பாராம். நான் அந்தத் துறவியை மதிக்கிறேன். ஆனால் தடியில் வேறு ஆளை வைத்துக்கொண்டுதான் நடந்தேன். பாக்கியமும் தூங்குவதற்கு இடம் பார்க்கிறவள் அல்ல.

முதல் கோயில் வாசலில் காலணியைக் கழற்றினேன். ஷ்வேடகோன் பகோடா ஆனாலும் சரி, நம் முருகன் கோயில் ஆனாலும் சரி, ரங்கூனில் வாசலில் கழற்றாமல் உள்ளே போனால் அடிக்க வருவார்கள். அங்கே உள்ளே பூராவும் சரளைக்கல். ஜப்பான்காரர்கள் எல்லாம் காலணியோடு நடக்கிறார்கள். நான் வெறுங்காலில் போக, பின்னால் ஒருவர் என் செருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார், நான் மறந்துவிட்டேன் என்று. நான் வேண்டாம் என்கிறேன், அவர் குனிகிறார். நானும் குனிந்தேன். செல்வம் தெரியாதவன் மாதிரி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஒவ்வொரு கோயிலிலும் எள்ளுப் பொட்டலத்தை எடுப்பேன். "இங்க வேணாம்பா, கூட்டமா இருக்கு." அடுத்ததில் "தண்ணித் தொட்டியில எள்ளு விழக்கூடாதுப்பா." அதற்கடுத்ததில் ஆளே இல்லை, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம் நே" என்றான். எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். நடக்கிற முதுகிடம் என்ன பேசுவது?

5

திதி நாள் வந்தது. மறுநாள் அவன் வேலைக்குப் போக வேண்டும். காலையில் ஒரு கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். அங்கேயும் செய்யவில்லை. உச்சிக்குள் முடித்தாக வேண்டும். அடுத்த கோயில் மலைக்கு அந்தப் பக்கம். என் முழங்காலுக்கு அது சாயங்காலம்தான். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் நடக்கிறான்.

ஆரஞ்சுத் தோப்பை ஒட்டி ஒரு வீடு. வாசலில் நின்ற கிழவி எங்களைக் கண்டதும் ஓடி வந்தாள். அந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்கு வழியில் இருக்கிறவர்கள் எதையாவது கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. செல்வத்தின் கையைப் பிடித்து விரித்து எதையோ வைத்தாள்.

"அமே" என்றாள். அவன் முகத்தைப் பார்த்து மறுபடி "அமே, அமே."

அந்த நாட்டில் இறங்கியதில் இருந்து என் காதுக்குப் புரிந்த முதல் வார்த்தை. உடம்பு சிலிர்த்துப் போனது. இவளுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைச் சட்டையைப் பார்த்து, அம்மாவுக்காகவா நடக்கிறாய் என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். மகன் வாயடைத்து நிற்கிறான். அப்பன் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

"அமே மஷிபூ" என்றேன் பர்மியத்தில். அம்மா இல்லை. சொல்லிவிட்டு விரலால் வானத்தைக் காட்டினேன்.

கிழவி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வேகமாகத் தலையாட்டினாள். மலைப் பக்கம் கையை நீட்டி, "அமே! அமே!" என்றாள்.

அங்கே இருக்கிறாள் என்கிறாள்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "மஷிபூ, மஷிபூ" என்று கையை விரித்தேன். அவள் விடாமல் என் தோளைத் தட்டித் தட்டி மலையைக் காட்டுகிறாள்.

செல்வம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்புத் தாங்காமல் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா... அவங்க மிட்டாய் குடுக்கறாங்கப்பா. மிட்டாய்க்கு இங்க அமே. மழைக்கும் அமே. மலையில மழை வருது, சீக்கிரம் போங்கங்கறாங்க. நீங்க என்னான்னா அமே இல்லே இல்லேன்னு அவங்ககிட்ட சண்டை போடறீங்க!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் நிறுத்தவில்லை. தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது சிரிப்பு இல்லை.

மழை வந்துவிட்டது. கிழவி எங்களை இழுத்துக்கொண்டுபோய் தோப்புக் கொட்டகையின் தாழ்வாரத்தில் விட்டாள். கூரை பாதிதான் இருந்தது. நான் பையில் இருந்து என் தார்பாயை எடுத்தேன். ஜப்பானில் மழைக்கோட்டு கிடைக்காதா என்று அவன் கேலி செய்த அதே நீலத் தார்பாய். இரண்டு கம்பத்தில் கட்டி, மூன்றாவது முனையை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கிழவி தேநீர் எடுத்துவரப் போய்விட்டாள்.

அவன் தானாகப் பேசினான்.

"அமே போனப்ப இங்க மழைக்காலம்பா. விடாத மழை. காலையில ஜன்னலைத் தெறந்தா ஒரு பாட்டி அமேங்கும். கட்டில்ல இருந்து இன்னொரு பாட்டி அமேங்கும். சோறு ஊட்டறப்ப அமே, டீவியில அமே, கடைக்குப் போனா அங்கேயும் அமே. ஊரு பூரா கூப்பிடுதுப்பா. நான் துணி தொவைக்கற ரூமுக்குப் போயி மெஷினைப் போட்டுட்டு நிப்பேன். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நீங்க போன் பண்ணுவீங்க. பேசினா நானும் அந்த வார்த்தையைச் சொல்லணும் நோ. அதான் பேசலே."

'நோ' என்றான். நான் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எள்ளைக் குடுங்கப்பா" என்று கையை நீட்டினான்.

மந்திரம் எனக்குத் தெரியாது. ஒரு கையால் தார்பாயைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். "கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல தண்ணி எறங்கணும். பேரைச் சொல்லி மூணு தரம் விடு."

கூரையில் இருந்து ஒழுகுகிற மழைத் தண்ணீரில் கையை நீட்டினான். உள்ளங்கையில் எள் மிதந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பாக்கியம்னு சொல்லுடா."

"அவங்களை அப்படி நான் கூப்பிட்டதே இல்லியேப்பா" என்றான்.

பிறகு, "அமே" என்றான். விட்டான். "அமே." "அமே."

எள் கல்லில் விழுந்து, தண்ணீரோடு கலந்து, ஆரஞ்சு மரங்களின் பக்கம் ஓடியது. தேநீர்த் தட்டோடு வந்த கிழவி நின்று பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளும் கையைக் கூப்பினாள்.

6

விமான நிலையத்தில் அவன், "அடுத்த ஆனிக்கு நான் வந்துடறேன்பா, என்ன ஆனாலும் சரி" என்றான்.

பிள்ளையை ஊருக்குக் கூட்டிவர முடியாதா என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுத்தான் கிளம்பிப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் தானாக அந்த வார்த்தையைச் சொல்லும்போது நான், "வராதே" என்றேன். "எனக்கு ஏதாவது ஆனாலும் வராதே. இங்கேயே ஒரு தாழ்வாரம் பாத்து வுட்டுடு. எள்ளுதான் கெடைக்குதே." வேலையாளை விரட்டுகிற குரலில் சொன்னேன். அந்தக் குரலில்தான் எனக்கு அது வரும். அவன் குனிந்து வணங்கினான், ஜப்பான்காரர்கள் மாதிரி. நான் அவன் தலையில் கையை வைத்தேன்.

இன்று கோயிலில் இருந்து திரும்பி நேரே கடைக்கு வந்தேன். நல்ல மழை, நல்ல வியாபாரம். பையன்கள் அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் கட்டிய தார்பாயில் மழை தட்டுகிற நேரத்தில் அவன் போன் வந்தது.

"நல்லபடியா முடிஞ்சுதாப்பா? அங்க அமேயா?"

எதைக் கேட்டான் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. "ஆமா, நல்லா கொட்டுது" என்றேன். பிறகு இவ்வளவு நாள் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஏன்டா, அவளுக்கு மழை இருக்கு. ஊரே கூப்பிடுது. அப்பாங்கற மாதிரி அங்க ஏதாவது வார்த்தை இருக்கா?"

அவன் யோசித்தான். "இல்லப்பா. அப்பான்னு இங்க காதுல விழறதுக்கு ஒண்ணும் இல்லே."

"சரி வுடு."

"இருங்க, இருங்க. வார்த்தை இல்லேன்னா என்னா. நம்ம நீலத் தார்பாய் இருக்கு நோ. புயல் அடிச்சா இங்க ஓடு பிஞ்ச கூரை மேல எல்லாம் அதைத்தான் கட்டறாங்க. பஸ்ல போறப்ப பாப்பேன். எங்கப்பா உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்குவேன்."

வெயிலும் மழையும் பட்டால் தார்பாய் மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது. முதலில் நீலம் வெளுக்கும், பிறகு கண்ணி விடும், அப்புறம் ஒரு காற்றுக்கு நார் நாராகப் போய்விடும். வருகிறவர்களிடம் எல்லாம் இதை மறைக்காமல் சொல்லித்தான் விற்பேன். அதனால்தான் என் கடைக்குப் பெயர்.

அவனிடம் சொல்லவில்லை. "நல்ல நீலமா பாத்து வெச்சுக்கோ" என்றேன்.